துளி நிற்கும் கோணம்

மார்ச் 4
பால், சோப்பு, மருமகளின் பஸ் பாஸ் — கணக்கு எழுதியாயிற்று. வழக்கம்போல் அவள் தலைக்கு எண்ணெய் வைத்துப் பின்னி அனுப்பினேன். கடல் ஆய்வகத்தில் அவளுக்கு என்னதான் வேலை என்று இன்றுதான் விவரமாகக் கேட்டேன். சிப்பி ஓடு, உயிருள்ள கடற்பாசி, பெயின்ட் பூசிய தகடு, வெறும் கண்ணாடி. ஒவ்வொன்றின் மேலும் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு, அது உருண்டு நிற்கிறதா, படர்ந்து போகிறதா என்று கேமராவில் பார்த்துக் கோணம் அளக்கிறாளாம். “ஒட்டிக்கிற ஆசை எதுக்கு எவ்வளவுன்னு துளி காட்டிடும் அத்தை.” படகின் அடியில் சிப்பிகள் ஒட்டாமலிருக்க வழி தேடித்தான் இத்தனையும்.

மார்ச் 9
வாடி வந்தாள். அதே கண்ணாடித் தகட்டில் நேற்று படர்ந்த துளி, இன்று முத்தாக நிற்கிறதாம். மாதக் கடைசிக்குள் அளவுகள் ஒத்துவராவிட்டால் ஆய்வுக் கப்பலில் அவள் இடம் வேறொருவருக்கு. இறைவா, அந்தப் பிள்ளையின் உழைப்பைப் பார்.

மார்ச் 10
நானும் கண்ணாடித் தட்டில் சொட்டு விட்டுப் பார்த்தேன். என் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, “விஞ்ஞானியம்மா, காப்பி உண்டா?” என்றார்.

மார்ச் 13
சீப்போடு காத்திருந்தேன். “வேண்டாம் அத்தை.” ஷாம்பு போட்ட தலையோடு போய்விட்டாள். நேற்றும் இதே கதை. நான் என்ன பண்ணிட்டேன்? பெத்தவளா இருந்தா இப்படி முகத்தைத் திருப்பிப்பாளா? பிரார்த்தனையில் மனம் நிற்கவில்லை.

மார்ச் 16
கேட்டே விட்டேன். தலைகுனிந்து சொன்னாள்: “எப்படிச் சொல்றதுன்னு முழிச்சிட்டிருந்தேன். கையுறை போட்ட கையாலயே முடியை ஒதுக்கிக்கிறேன். எண்ணெய் தகட்டுக்குப் போயிடுது. நாலஞ்சு நாளா எண்ணெய் இல்லை, துளி ஒழுங்கா படருது.”
“அப்ப என் எண்ணெய்தானா?”
“என் கைதான் அத்தை.”
“மாமியார் கைராசி கடல் வரைக்கும் போயிருக்கே” என்றார் அவர். சிரித்தேன். ஆனாலும் பாட்டிலை மேல்தட்டில் ஏற்றிவிட்டேன்.

மார்ச் 22
காலைகள் நீளமாக இருக்கின்றன.

மார்ச் 30
அளவுகள் ஒத்துவந்தன. கப்பலில் இடம் உறுதி. பையைக்கூட இறக்கி வைக்காமல், நாற்காலி போட்டு ஏறிப் பாட்டிலை எடுத்தாள். என் முன்னால் தரையில் உட்கார்ந்தாள்.
“நிறையவே வைங்க அத்தை. கப்பல்ல யாரு வச்சு விடப் போறாங்க.”
இன்றைய கணக்கை நாளை எழுதிக்கொள்ளலாம்.