சிலுவை இருந்த டப்பா

ஏப்ரல், செவ்வாய்

கொல்லையில் பழுதான மோட்டாரை இன்று போர்வெல்லிலிருந்து தூக்கினோம். அதை இறக்கிய அன்று மந்திரித்த சிறு சிலுவையைத் தகர டப்பாவில் போட்டு, தண்ணீர் படக்கூடாதென்று ஈயத்தால் அடைத்துக் குழாயில் கட்டியிருந்தேன். டப்பா நசுங்கி வந்தது. எதிலும் மோதிய தடமில்லை. தகரம் தோல்போல ஒட்டி, சிலுவையின் உருவம் வெளியிலேயே தெரிந்தது.

மனைவி ரோஸி கும்பிட்டாள். "இன்னாங்க இது? யாரு இப்டி அமுக்கனது?"

"தண்ணிதான். மேல அத்தினி ஆழம் நிக்குது, உள்ள வெறும் காத்து. ஒரு ஓட்ட போட்டிருந்தா தண்ணி உள்ளயும் பூந்து, நசுங்கியிருக்காது."

வேறு மோட்டார் இறக்கினோம். இந்த முறை சிலுவையை டப்பா இல்லாமல் வெறுமனே கட்டினேன்.

சாயங்காலம் மரவள்ளிக்குப் பாய்ந்த தண்ணீரில் கைவைத்தேன். ஒன்றும் தெரியாததுபோல விரலிடுக்கில் ஓடியது.