ஆறாவது விதி

786

வாசகசாலையின் பின்கட்டு,
ரஜப் மாதம், 1957.

அன்பு மச்சான் நெய்னா முகம்மது அவர்களுக்கு, ஊரிலிருந்து உங்கள் மனைவி சித்தி ஜுனைதா எழுதிக்கொண்டது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் உதவியால் நானும் நம் மகள் சல்மாவும் சுகம். கொழும்பில் உங்கள் உடம்பும் கடையும் நன்றாக இருக்க ஐந்து நேரமும் துஆச் செய்கிறேன். சலாமும் துஆவும் சொல்லியாயிற்று. இனி எழுதப்போவது எல்லாம் கோபம்தான். கடையில் ஆள் இல்லாத நேரம் பார்த்து உட்கார்ந்து படியுங்கள்.

மேலே எழுதியிருக்கும் விலாசத்தைப் பார்த்து நாங்கள் வீடு மாறிவிட்டோம் என்று நினைக்க வேண்டாம். என் வாப்பா எனக்குச் சீதனமாகத் தந்த அதே வீடுதான். முன்கூடத்தை ஊருக்கு வாசகசாலையாகக் கொடுப்போம் என்று நீங்கள் சொன்னபோது சந்தோஷமாகச் சரி என்றவள் நான். இப்போது வாசகசாலைதான் வீடு என்றும், நான் அதன் பின்னால் ஒண்டிக்கொண்டிருப்பவள் என்றும் ஆகிவிட்டது. அதனால் உள்ளதை உள்ளபடி எழுதினேன்.

இதைக் கபீர் தம்பியிடம் கொடுத்தனுப்புகிறேன். நாளைக்கு உச்சிப்புளியில் ரயிலேறி, தனுஷ்கோடிக் கப்பலில் அங்கே வருகிறார். தபாலில் போட்டால் போய்ச் சேர்வதற்குள் என் கோபம் ஆறிவிடும். நீங்கள் போன தடவை அனுப்பிய சோப்பும் சீத்தைத் துணியும் வந்துசேர்ந்தன. சீத்தை நல்ல சீத்தைதான். அதற்கு நன்றி வேறொரு கடிதத்தில் எழுதுகிறேன், இதில் இடமில்லை.

நடந்ததைச் சொல்கிறேன். சல்மாவுக்கு வறட்டு இருமல் வந்து பிள்ளை தூங்கவே இல்லை. வாப்பாவின் வைத்தியப் புத்தகத்தில் அதற்கு ஒரு கஷாயம் இருக்கிறது. ஆடாதோடை தெரியும், அதோடு எது சேர வேண்டும் என்பது மறந்துவிட்டது. புத்தகம் முன்கூடத்து அலமாரியில் இருக்கிறது. சாயங்காலம் அசர் தொழுதுவிட்டு, முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு எடுக்கப் போனேன். அசருக்கும் மஃரிபுக்கும் நடுவில் பெண்கள் நேரம் என்று நீங்கள் கப்பலேறுவதற்கு முன் கூட்டத்தில் சொல்லி எழுதிவைத்தீர்களே, அந்த நேரம்.

அலமாரியில் பூட்டுத் தொங்கியது. மேசையில் சேதுராமன் இருந்தார். ராமநாதபுரத்திலிருந்து நூலகர் வேலைக்கு வந்திருக்கும் தம்பி, மரியாதை தெரிந்த பிள்ளை. என்னைக் கண்டதும் எழுந்து நின்றார். உறுப்பினருக்குத்தான் அலமாரி திறக்கலாம் என்று விதி வந்திருக்கிறது, 'நீங்களும் சேந்துருங்கக்கா, ஒரு நிமிச வேலைதான்' என்று ஒரு காகிதத்தை எடுத்தார். என் வீட்டில், என் வாப்பாவின் அலமாரியைத் திறக்க நான் உறுப்பினராக வேண்டும். ஊருக்கு ஒரு சட்டம் என்றால் எனக்கும் அதுதான் என்று வாயை மூடிக்கொண்டு சம்மதித்தேன். பெயரையும் தெருவையும் அவரே எழுதினார். கீழே நான் கையெழுத்துப் போட்டேன். எப்போதும் போடுகிற மாதிரி, வலப்பக்கம் ஆரம்பித்து இடப்பக்கம் முடித்தேன்.

அவர் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. அந்தத் தம்பி கண்டிராத எழுத்து. பக்கத்தில் சாய்வு நாற்காலியில் நம் சீனி முகம்மது காக்கா பத்திரிகை பார்த்துக்கொண்டிருந்தார். பெண்கள் நேரமானாலும் காரியதரிசிக்கு விலக்கு உண்டு போலிருக்கிறது. சேதுராமன் அவரிடம் காட்டி இது என்ன எழுத்து என்று கேட்டார். காக்கா கண்ணாடியைக்கூடப் போடவில்லை. 'அது எழுத்தில்ல தம்பி. பொம்பளைக ஓதுறதுக்கு வச்சிருக்கிற கோடு. கைநாட்டுன்னு போட்டுக்கிருங்க' என்றார்.

மச்சான், இதை வேறு யார் சொல்லியிருந்தாலும் எனக்கு இவ்வளவு வயிறு எரிந்திருக்காது. சொன்னது என் பெரியம்மா மகன், எனக்கு அண்ணன் முறை. அதே கூடத்தில், அதே எழுத்தில், பெரியம்மா மாலைப் பாட்டுகள் படிக்க, தெருப் பெண்கள் அத்தனை பேரும் உட்கார்ந்து கேட்டார்கள். இந்தக் காக்கா அவர்கள் மடியில் தலைவைத்துக் கேட்டவர்தான். தன் உம்மாவுக்குக் கண் மங்கிப்போன பிறகு மிச்சத்தைப் படித்துக் காட்டியவரும் அவர்தான். ராமநாதபுரத்து ஆள் ஒருவர் முன்னால் வெட்கம் வந்துவிட்டது. அந்த வெட்கத்துக்குப் பெற்ற தாயையே கைநாட்டு ஆக்கிவிட்டார்.

நான் கதவோரமாக நின்றே சேதுராமனுக்குச் சொன்னேன். தம்பி, நாக்கில் வருவது தமிழ், எழுதுவது மட்டும் அரபு எழுத்தில், அதற்கு அரபுத் தமிழ் என்று பெயர், எங்கள் பெண்கள் கடிதம் எழுதுவதும் கணக்கு எழுதுவதும் இதில்தான் என்றேன். அவருக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. ஆனால் விதிப் புத்தகத்தை எடுத்து ஆறாவதைப் படித்தார். 'தமிழ் எழுத்திலாவது ஆங்கில எழுத்திலாவது கையெழுத்திடத் தெரியாதவர் எழுத்தறிவற்றவராகக் கருதப்படுவர். அவர்கள் உறுப்பினராகத் தகுதியற்றவர்.'

மற்ற விதிகளில் எனக்கு ஒரு வழக்கும் இல்லை. வெற்றிலை எச்சில் துப்பக்கூடாது என்பது வேண்டிய விதி. வாசல் சுவரில் ஈர வலையைப் போடக்கூடாது என்பதும் சரி. ஜும்மா நேரத்தில் மூடட்டும். ஆறாவது விதியை யார் போட்டது என்று கேட்டேன். ஜில்லாவிலிருந்து அங்கீகாரம் கிடைக்க வேண்டுமானால் விதிகளை எழுதி அனுப்ப வேண்டும், அதற்காகக் கமிட்டி போட்டது என்றார் காக்கா. இடம் கொடுத்தவரின் சம்மதமும் இருக்கிறது என்றார். சேதுராமன் உங்கள் கடிதத்தை எடுத்து வாசித்தார். 'சீனி காக்கா அனுப்பிய விதிகள் எல்லாவற்றுக்கும் எனக்குப் பூரண சம்மதம். நெய்னா முகம்மது.' தமிழ் எழுத்தில், அழகான கையெழுத்து.

அதே வாரம் எனக்கும் உங்கள் கடிதம் வந்தது. அரபுத் தமிழில் எழுதியிருந்தீர்கள். கடைக்குப் புதுத் தராசு வாங்கியது இருந்தது, மழை பெய்தது இருந்தது. என்னை எழுத்தறிவற்றவள் என்று ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டது மட்டும் இல்லை.

பெண்கள் நேரம் இன்னும் விதியில் இருக்கிறது, அதை யாரும் அடிக்கவில்லை. வருவதற்குத்தான் பெண் இல்லை. நம் தெருவில் யாருக்குத் தமிழ் எழுத்தில் கையெழுத்துத் தெரியும்? கருவாடு வாங்க வருகிற இருளாண்டி மனைவி வெள்ளையம்மாளுக்குத் தெரியும். அவள் திருவாடானையில் ஐந்தாவது வரை படித்தவள். உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டார்கள். அவ்வளவு பெரிய கூடத்தில் ஒற்றை ஆளாக உட்கார்ந்திருந்தாள், நாங்கள் பத்துப் பேர் வாசற்படியில் நின்று அவளைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பாவம், அவளுக்கே கூச்சமாகிவிட்டது. 'இதென்னம்மா, பொண்ணு பாக்க வந்த மாதிரி நிக்கிறீக' என்று சொல்லிப் பத்திரிகையை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்கு வந்து எங்களோடு உட்கார்ந்தாள். சத்தமாக வாசிக்க ஆரம்பித்தாள். பாதியில் காக்கா வந்து, வாசகசாலைப் பத்திரிகை வெளியே போகக்கூடாது என்று கையை நீட்டி வாங்கிக்கொண்டு போனார். என் அடுப்படி வெளியாம்.

இன்னும் கேளுங்கள். அதற்குப் பிறகு வாப்பாவின் புத்தகங்களைச் சேதுராமன் பதிவேட்டில் ஏற்றப் பார்த்தார், பெயர் படிக்கத் தெரியவில்லை. காக்காவிடம் கேட்டிருக்கிறார். எல்லாம் மார்க்க கிதாபு, ஒளு செய்து சுத்தமாகாமல் தொடாதீர்கள், மேல்தட்டில் வைத்துப் பூட்டிவிடுங்கள் என்று சொல்லிவிட்டார். அந்தத் தம்பி பயபக்தியோடு துணி விரித்து அடுக்கி, பக்கத்தில் ஊதுபத்தியும் வைத்திருக்கிறார். அதில் மூலத்துக்கும் சொறிக்கும் மருந்து சொல்கிற புத்தகம் இருக்கிறது. பாய்மரம் தைப்பது பற்றி ஒன்று இருக்கிறது. மாமியாரை ஏமாற்றிய மருமகள் கதை ஒன்று, நானும் நீங்களும் சேர்ந்து படித்துச் சிரித்தது, அதற்கும் ஊதுபத்தி மணக்கிறது. மேல்தட்டில் இருக்கும்போது தொடக்கூடாத எழுத்தாம், நான் எழுதினால் வெறும் கோடாம். இந்த நியாயத்தை எந்த மதரஸாவில் படித்தார் என்று கேட்டுச் சொல்லுங்கள்.

கைநாட்டு என்று சொன்ன மறுநாளே காக்கா சமாதானம் பேச வந்திருந்தார். நான் பெயரெழுதக் கற்றுக்கொண்டால் போதுமாம். 'நாலஞ்சு எழுத்துத்தானே ஜுனைதா, சல்மா சொல்லிக் குடுத்துருவா' என்றார். கற்றுக்கொள்ள எனக்கு வெட்கமில்லை. அச்செழுத்தை இப்போதே எழுத்துக்கூட்டிப் படிக்கிறேன், ஒரு பகலில் என் பெயரையும் எழுதிவிடுவேன். ஆனால் அந்தக் காகிதத்தில் அப்படி எழுதினால், இன்றுவரை நான் குருடியாக இருந்தேன் என்று நானே சொன்னதாகும். பெரியம்மாவும் அப்படித்தான் மௌத்தாகி மண்ணுக்குள் போனார்கள் என்று ஆகும். முடியாது என்று சொல்லி அனுப்பிவிட்டேன். வாசகசாலையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொள்ள எனக்கு எவ்வளவு நேரமாகும்? கடலுக்குப் போய்வந்த மனிதர்கள் பத்திரிகை பார்க்க வருகிறார்கள், அவர்கள் என்ன பாவம் செய்தார்கள் என்றுதான் சும்மா இருக்கிறேன்.

இதையெல்லாம்கூடப் பொறுத்திருப்பேன். அடுத்த நாள் சல்மா இருமிக்கொண்டே என்னிடம் வந்து, 'உம்மா, உங்களுக்குப் படிக்கத் தெரியாதாமே' என்று கேட்டாள். பள்ளிக்கூடத்தில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். கஷாயத்தை என் ஞாபகத்திலிருந்து அரைகுறையாகக் காய்ச்சிக்கொண்டிருந்தேன். என் மகளுக்குப் பதில் சொல்ல முடியாமல் என்னை நிற்க வைத்தது நீங்கள்தான். இருமல் இப்போது தேவலை, கவலைப்பட வேண்டாம்.

போன மாதம் நீங்கள் எழுதியது ஞாபகம் இருக்கிறதா? அங்கே ஏதோ ஓர் ஆபீசில் சிங்கள எழுத்தில் ஒரு காகிதத்தை நீட்டினார்கள், படிக்கத் தெரியாமல் விழித்தேன், குமாஸ்தா ஒருவன் எல்லோர் முன்னாலும் பெருவிரலுக்கு மைப்பெட்டியைத் தள்ளினான், நாலு தலைமுறையாகக் கணக்கெழுதிய குடும்பத்தில் பிறந்த எனக்கு இந்தக் கதி என்று எழுதியிருந்தீர்கள். அதைப் படித்துவிட்டு அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்தக் குமாஸ்தாவைத் திட்டித் தீர்த்தேன். அந்த மை காய்வதற்குள் இங்கே எனக்கு மைப்பெட்டியை நீங்கள் தள்ளியிருக்கிறீர்கள். விதிகளைப் படித்துவிட்டுத்தான் சம்மதம் எழுதினீர்களா? படித்தும் எழுதினீர்கள் என்றால் பேச ஒன்றுமில்லை. படிக்காமல் கையெழுத்துப் போட்டீர்கள் என்றால், நம் இருவரில் கைநாட்டு யார் என்று நீங்களே சொல்லுங்கள்.

கல்யாணமான புதிதில் நான் எழுதிய முதல் கடிதத்தைக் கந்தலாகும்வரை சட்டைப்பையில் வைத்திருந்ததாகச் சொன்னீர்கள். யார் எடுத்துப் பார்த்தாலும் நமக்கு மட்டும்தான் புரியும் என்று சொல்லிச் சிரித்தீர்கள். அது கோடா, எழுத்தா?

செய்ய வேண்டியது இதுதான். விதிகள் இன்னும் ஜில்லாவுக்குப் போகவில்லை. வருகிற ஜும்மாவுக்கு அடுத்த ஜும்மா அன்று கமிட்டி கூடுகிறது. சம்மதம் கொடுத்தவரே திரும்ப வாங்கிக்கொண்டால் ஆறாவது விதியை மாற்றியாக வேண்டும் என்று சேதுராமன் என்னிடம் தனியாகச் சொன்னார். தமிழை எந்த எழுத்தில் எழுதினாலும் அது கையெழுத்தே என்று எழுதுங்கள், அந்த ஒரு வரி போதும். கபீர் தம்பி திரும்பி வரும்போது கொடுத்தனுப்புங்கள். ஒன்று மறக்க வேண்டாம். அதை அரபுத் தமிழில் எழுதுங்கள். வரும் கடிதத்தைக் கூட்டத்தில் வாசிக்க வேண்டியது காரியதரிசி. சேதுராமனுக்கு இந்த எழுத்துத் தெரியாது, கமிட்டித் தலைவருக்கும் தெரியாது. சீனி காக்காதான் எழுந்து நின்று எல்லோர் முன்னாலும் வாசித்தாக வேண்டும். அவர் வாயால் வாசிக்கட்டும். நான் கதவுக்குப் பின்னால் சல்மாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேட்பேன்.

அந்தக் கடிதம் வரும்வரை என்னிடமிருந்து உங்களுக்கு எழுத்து வராது. கமிட்டியும் நீங்களும் தீர்மானித்தபடி கைநாட்டுத்தான் வரும். சுகமா, சுகமில்லையா, கோபமா, தேடுகிறேனா என்பதையெல்லாம் அந்த ரேகையில் பார்த்துக் கண்டுபிடித்துக்கொள்ளுங்கள்.

ரப்பு உங்களை எந்த வரிசையிலும் தலைகுனிந்து நிற்க வைக்காமல் காப்பானாக. காகிதச் சிக்கலெல்லாம் தீர்ந்து, நோன்புக்கு முன் உங்களை இந்த வீட்டின் முன்வாசல் வழியாகக் கொண்டுவந்து சேர்ப்பானாக. ஆமீன்.

இப்படிக்கு,

(இடது கைப் பெருவிரல் ரேகை)

மேற்படி ரேகை என் உம்மா சித்தி ஜுனைதா அவர்கள் என் முன்னால் வைத்தது. கடிதம் முழுவதையும் அவர்களே எழுதினார்கள்.

சாட்சி: நெ. சல்மா, ஏழாம் வகுப்பு.