வாசலைப் பார்க்காதவள்

பரமட்டா
06.04.1997

அன்புள்ள இரஞ்சிதம் மச்சாளுக்கு,

நானும் பிள்ளை தர்ஷிகாவும் சுகம். நீங்களும் கேதீஸ் அண்ணையும் மெல்பேர்ணுக்குச் சுகமாகப் போய்ச் சேர்ந்திருப்பீர்கள் என்று நானாக நினைத்துக்கொள்கிறேன். மூன்று தரம் ரெலிபோன் எடுத்தேன். மூன்று தரமும் அண்ணைதான் எடுத்து, "அவ படுத்திருக்கிறா" என்றார். பகல் பதினொரு மணிக்குமா மச்சாள்?

ஈஸ்ரர் லீவுக்கு ஒரு கிழமை நிற்பதாகத்தான் வந்தீர்கள். மூன்றாம் நாள் காலை நான் வேலையால் வந்தபோது உங்கள் பெட்டி காரில் ஏறிவிட்டது. ஹோலில் மாட்டியிருந்த படம் சுவரைப் பார்த்தபடி திரும்பியிருந்தது. தர்ஷிகாதான் சொன்னாள்: "மாமி அதைத் திருப்பிப்போட்டு குசினிக்குள்ள போய் அழுதவ."

அது என்னுடைய படம் இல்லை. என்னோடு ஒரே வார்ட்டில் வேலை செய்கிற மிலாவுடையது. பிலிப்பைன்ஸ்காரி. அவளுடைய வீட்டுக் கூரை ஒழுகுகிறது, திருத்தி முடியும்வரை வைத்திரு என்று தந்தாள். வரைந்தது அவளுடைய இஸ்கோ மாமா. கியூபிசம் என்பார்களாம். கண்ணாடித் துண்டுகளை ஒன்றின்மேல் ஒன்று அடுக்கியதுபோல மனிதர்களைப் போட்டிருக்கிறார். ஒரு ஆளின் தோளுக்குள்ளால் பின்னால் இருக்கிற ஆளின் கை தெரியும். முதல்நாள் எனக்கும் தலை சுற்றியது. பிறகுதான் அது ஒரு செத்தவீடு என்று விளங்கியது. நடுவில் பெட்டி. ஒரு பக்கம் மேசை போட்டு ஆண்கள் காட்ஸ் விளையாடுகிறார்கள், எங்கள் ஊர்ச் செத்தவீட்டில் 304 விளையாடுவதுபோலவே. பெண்கள் விசிறிக்கொண்டு இருக்கிறார்கள். ஒருத்தியின் மடியில் ஒரு கோழிக்குஞ்சு.

உங்கள் மனதை நோகடிக்க அதை மாட்டவில்லை. என்ன குற்றம் என்று ஒரு வரி எழுதுங்கள். நீங்கள் விட்டுப்போன மிளகாய்த்தூள் போத்தலைப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

உங்கள் அன்பு மச்சாள்
யோகா

*

டண்டினோங்
15.04.1997

அன்புள்ள யோகா,

கடிதம் கிடைத்தது. இங்கே குளிர் தொடங்கிவிட்டது. கேதீஸுக்கு முழங்கால் உளைவு. மற்றப்படி சுகம்.

என்ன குற்றம் என்று கேட்டிருந்தீர். செத்தவீட்டுப் படத்தை ஆராவது வீட்டு ஹோலில் மாட்டுவார்களா? அதுவும் தம்பியின் போட்டோவுக்கு நேர் எதிரே! நீர் ஆஸ்பத்திரியில் சாவைக் கண்டு கண்டு மரத்துப்போய்விட்டீர். எனக்கு அப்படி இல்லை. சிறிதரனின் போட்டோவுக்கு நாங்கள் மாலை போட்டதில்லை, விளக்கு வைத்ததில்லை. ஏன் என்று உமக்குத் தெரியும். மாதாமாதம் அவனுடைய நட்சத்திரத்துக்கு கேரம் டவுன்ஸ் கோயிலில் அர்ச்சனை செய்கிறேன். ஆயுளுக்குத்தான் செய்கிறேன்.

அந்தப் படத்தை உடனே அந்தப் பெண்ணிடம் குடுத்துவிடும். மூத்தவளாகச் சொல்கிறேன்.

தர்ஷிகாவுக்கு ஒரு ஸ்வெற்றர் பின்னுகிறேன். கை அளவு எடுத்து அனுப்பும்.

அன்புடன்
இரஞ்சிதம்

*

பரமட்டா
02.05.1997

அன்புள்ள மச்சாளுக்கு,

கை அளவு இதனுள் நூலில் வெட்டி வைத்திருக்கிறேன்.

படத்தைக் குடுக்கத்தான் மிலாவைக் கூப்பிட்டேன். வந்தவள் அதன் முன்னால் கதிரையைப் போட்டு இருந்துவிட்டாள். கதை முழுவதையும் அன்றைக்குத்தான் கேட்டேன். அவளுடைய தமையன் நெஸ்தோர். பல்கலைக்கழகத்தில் படித்தவன். ஊரில் இராணுவச் சட்டம் இருந்த காலத்தில் வீட்டுக்கு வந்து கூட்டிக்கொண்டு போனார்கள். அவ்வளவுதான். உடம்பும் இல்லை, கடிதமும் இல்லை. மூன்று வருஷம் காத்திருந்துவிட்டு ஒருநாள் தாய் எழும்பி, "என்ர பிள்ளைக்கு நான் செத்தவீடு வைக்கப்போறன்" என்றாவாம். பெட்டிக்குள் அவனுடைய சட்டையை மடித்து வைத்தார்களாம். ஒன்பது நாள் ஊரே வந்திருந்து, சாப்பிட்டு, காட்ஸ் விளையாடி, அவனைப்பற்றிக் கதைத்ததாம். கொலையுண்டவன் என்றால் பெட்டியின்மேல் ஒரு கோழிக்குஞ்சை விடுவார்களாம். குஞ்சு கொத்தக் கொத்தக் கொன்றவனின் மனச்சாட்சியிலும் கொத்து விழுமாம். செத்தவீட்டுக்கு வந்தவர்களை வாசல்வரை கூட்டிப்போய் வழியனுப்பவும் கூடாதாம். நாங்கள் செத்தவீட்டில் 'போட்டு வாறன்' சொல்லாமல் எழும்பிப் போவதில்லையா, அதைச் சொன்னேன். "அப்ப நீயும் எங்கட ஆள்தான்" என்று சிரித்தாள்.

"ஏன் எல்லாருடைய முகத்தையும் இரண்டாக வெட்டிப் போட்டிருக்கிறார்?" என்று கேட்டேன்.

"வடிவாப் பார். ஒரு கண் பெட்டியைப் பார்க்குது. மற்றது வாசலைப் பார்க்குது. ஒன்பது நாளும் நாங்கள் அப்பிடித்தான் இருந்தனாங்கள். ஒரு கண்ணை மட்டும் வரைஞ்சிருந்தால் அது பொய்" என்றாள்.

மச்சாள், நான் ஏழு வருஷமாக அப்படித்தான் இருக்கிறேன். போன கிழமை பள்ளிக்கூடத்தில் ஒரு படிவம் தந்தார்கள். தகப்பன் உயிரோடு இருக்கிறாரா, காலமாகிவிட்டாரா, ஒன்றில் அடையாளம் போடவேண்டும். நான் இரண்டு பெட்டியையும் விட்டுவிட்டேன். தர்ஷிகா அதைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "அம்மா, உங்களுக்கே தெரியாதா?"

அவருக்குச் செய்யவேண்டியதைச் செய்ய நினைக்கிறேன். ஐயரோடு கதைத்துவிட்டேன். உடம்பு இல்லாவிட்டால் தர்ப்பையில் உருவம் செய்து கிரியை செய்யலாம் என்றார். நீங்கள் பக்கத்தில் இருக்கவேண்டும். உங்களைவிட்டால் அவருடைய இரத்தம் என்று சொல்ல இந்த நாட்டில் என் மகள் மட்டும்தான்.

அன்பு மச்சாள்
யோகா

*

டண்டினோங்
09.05.1997

யோகா,

வேற்றுச் சனத்தின் படத்தைப் பார்த்து என் தம்பியைக் கொல்ல உமக்கு என்ன துணிவு?

அவர்களுடைய நாடு வேறு, வழக்கம் வேறு. பத்து வருஷம் கழித்துத் திரும்பி வந்தவர்களை எனக்குத் தெரியும். நாளைக்கு அவன் வாசலில் வந்து நின்றால் என்ன முகத்தோடு கதவைத் திறப்பீர்? உமக்கு வேறு கலியாணம் ஏதும் யோசனை இருந்தால் நேராகச் சொல்லும். அதற்கு என் தம்பியின் பெயரில் தர்ப்பை எரிக்கத் தேவையில்லை.

நான் வரமாட்டேன். கேதீஸும் வரமாட்டார்.

இரஞ்சிதம்

*

பரமட்டா
22.06.1997

மச்சாளுக்கு,

உங்கள் கடிதத்தை ஆறு கிழமை வைத்துவிட்டுத்தான் பதில் எழுதுகிறேன். உடனே எழுதியிருந்தால் நானும் அதேமாதிரி எழுதியிருப்பேன்.

கலியாண யோசனை இல்லை. இருந்தாலும் உங்களிடம் ஒளித்திருக்கமாட்டேன். 1992இல் கைக்குழந்தையோடு வந்த என்னை இரண்டு வருஷம் உங்கள் வீட்டில் வைத்துப் பார்த்தீர்கள். எனக்குக் காய்ச்சல் வந்த நேரம் தர்ஷிகாவை உங்கள் நெஞ்சில் போட்டுக்கொண்டு படுத்தீர்கள். அதை மறந்துவிட்டு நான் ஒன்றும் செய்யவில்லை. ஆனால் இதை விடவும் மாட்டேன்.

ஐயர் திதி கேட்டார். இறந்த நாள் தெரியாது என்றேன். அப்படியென்றால் காணாமற்போன நாளின் திதியை எடுக்கலாம் என்றார். 1990 யூலை 30, பஸ்ஸை விட்டு அவரை இறக்கிப் பிடித்துக்கொண்டு போன நாள். ஆடி வளர்பிறை நவமி. இந்த வருஷம் அது ஓகஸ்ட் 12, செவ்வாய்க்கிழமை வருகிறது. இனி வருஷாவருஷம் அந்தத் திதியில்தான் அவருக்குத் திவசம்.

நீங்கள் வராவிட்டாலும் அன்றைக்கு நடக்கும்.

யோகா

*

டண்டினோங்
20.07.1997

யோகாவுக்கு,

நவமி வேண்டாம். அது அவனுடைய திதி இல்லை.

இதை எழுதிவிட்டுப் பேனையை வைத்தேன். பிறகு கேதீஸ் வந்து, "மிச்சத்தை நீ எழுதாட்டி நான் எழுதுவன்" என்று பக்கத்தில் கதிரையைப் போட்டு இருந்துகொண்டார். இப்போதும் இருக்கிறார்.

அவனுடைய திதி அமாவாசை. 1990ஆம் ஆண்டு தீபாவளிக்கு மறுநாள். ஒக்ரோபர் 18, வியாழக்கிழமை.

இதனோடு ஒரு கடிதம் வைத்திருக்கிறேன். தனபாலன் என்று ஒருவர். சிறிதரனோடு ஒரே அறையில் அடைபட்டிருந்தவர். விடுதலையாகி ரொறன்ரோ போய்ச் சேர்ந்தபிறகு எழுதினார். எங்கள் வீட்டு விலாசத்தைத் தம்பி அவருக்கு மனப்பாடமாக்கியிருக்கிறான். காய்ச்சல், மருந்து குடுக்கவில்லை, அவருடைய மடியில்தான் போயிருக்கிறான். நீரே வாசியும். என்னால் திரும்ப எழுத முடியாது.

கடிதம் வந்தது 1993 மாசியில். நீர் அப்போது எங்கள் வீட்டில்தான் இருந்தீர். நான் ஹோலில் நின்று வாசிக்கிறேன், பாத்ரூமில் நீர் பிள்ளையைக் குளிப்பாட்டுகிற சத்தம் கேட்கிறது. அது சிரிக்கிறது, நீரும் சிரிக்கிறீர். அன்றைக்கு எப்படிச் சொல்வது? பின்னேரம் சொல்லலாம் என்று நினைத்தேன். பிறகு ஊரில் அம்மாவுக்குத் தெரிந்தால் தாங்கமாட்டா என்று நினைத்தேன். 1995இல் அம்மா போனபிறகு, இவ்வளவு காலம் ஒளித்ததை எப்படிச் சொல்வது என்று பயந்தேன். இவை எல்லாம் காரணம்தான். உண்மையான காரணம் வேறு. நான் வாய் திறக்காதவரை உமக்கும் பிள்ளைக்கும் அவன் உயிரோடு இருந்தான். உங்கள் இரண்டு பேரிடமாவது அவன் இருக்கட்டும் என்று நினைத்தேன். மாதாமாதம் கோயிலில் அவனுடைய பெயரையும் நட்சத்திரத்தையும் சொல்லும்போது அது பொய் அர்ச்சனை என்று எனக்குத் தெரியும். அப்படியும் சொன்னேன்.

அந்தப் படத்தை ஏன் திருப்பினேன் என்று கேட்டீர். எல்லாருக்கும் ஒரு கண் பெட்டியில், ஒரு கண் வாசலில் என்று எழுதியிருந்தீர். திரும்பப் பாரும். வலது மூலையில், கோழிக்குஞ்சை மடியில் வைத்திருக்கிற பச்சைச் சட்டைக்காரி. அவளுக்கு மட்டும் இரண்டு கண்ணும் பெட்டியில். அவள் வாசலைப் பார்க்கவில்லை. அவளுக்குத் தெரியும். மூன்று நாள் உம்முடைய ஹோலில் இருந்து தேத்தண்ணி குடித்தேன், அவள் என்னைக் காட்டிக்குடுத்துக்கொண்டே இருந்தாள்.

பிழையான திதியில் அவனுக்குத் தண்ணீர் இறைக்கவேண்டாம், யோகா. அதை மட்டும் என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

இரஞ்சிதம்

*

பரமட்டா
07.09.1997

இரஞ்சிதம் மச்சாளுக்கு,

ஓகஸ்ட் 12 நிற்பாட்டியாயிற்று. ஐயரிடம் சரியான திதியைச் சொன்னேன். ஐப்பசி அமாவாசை, ஒக்ரோபர் 31, வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணி. கோயில் மண்டபத்தில். மிலாவும் எங்கள் வார்ட் ஆட்களும் வருகிறார்கள். சாப்பாடு பிறகு வீட்டில்.

பச்சைச் சட்டைக்காரியைப் பார்த்தேன். நீங்கள் சொன்னது சரி. மிலாவைக் கூப்பிட்டு, "இது ஆர்?" என்று கேட்டேன். "என்ர அம்மா" என்றாள். கண்ணைக் காட்டினேன். இருபது வருஷமாக அந்தப் படத்தோடு இருந்தவள், அதைக் காணவே இல்லை. பிறகு, "அம்மாவுக்கு ஆரோ வந்து சொல்லியிருக்கினம். எங்களுக்குச் சொல்ல ஏலாமத்தான் செத்தவீடு வைச்சிருக்கிறா" என்றாள். தாய் போன வருஷம் மணிலாவில் காலமாகிவிட்டா. இனிக் கேட்க ஆளில்லை. படத்தை அன்றைக்கே கொண்டுபோய்விட்டாள்.

அந்தத் தாயும் தெரிந்துதான் இருந்திருக்கிறா. தெரிந்துகொண்டு, தன் பிள்ளைகள் அழுவதற்கு ஒரு பெட்டியைக் கொண்டுவந்து நடு வீட்டில் வைத்தா. நீங்கள் தெரிந்துகொண்டு, என் தம்பியைக் கொல்லாதே என்று எனக்கு எழுதினீர்கள்.

உங்களைத் திட்டி மூன்று கடிதம் எழுதினேன். மூன்றையும் கிழித்துவிட்டேன். நாலு வருஷம் ரெலிபோன் அடிக்கும்போதெல்லாம் நான் ஓடிய ஓட்டத்தை எழுத முடியாது. நீங்கள் பிள்ளையை நெஞ்சில் போட்டு வளர்த்ததையும் கிழிக்க முடியாது. இரண்டும் இருக்கிறது. இரண்டையும் என்ன செய்வது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

தனபாலனின் கடிதத்தின் அடியில் ஒரு ரெலிபோன் நம்பர் இருந்தது. "அவருடைய மனிசியை எடுக்கச் சொல்லுங்கள், நேரில் சொல்லவேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது" என்று எழுதியிருந்தார். நீங்கள் வாசித்திருப்பீர்கள். போன சனிக்கிழமை எடுத்தேன். என் பெயரைச் சொன்னதும், "சிறிதரனின்ர மனிசியா?" என்று கேட்டார். பிறகு, "தங்கச்சி, நாலு வருஷமாப் பார்த்துக்கொண்டிருந்தனான். உங்களுக்குக் கேட்க விருப்பமில்லையாக்கும் எண்டு நினைச்சன்" என்றார்.

அவரை இறக்கியபோது நான் ஐந்து மாதம். உங்களுக்குத் தெரியும். பெண் பிள்ளைதான் பிறக்கும் என்று உள்ளே எல்லாரிடமும் அடித்துச் சொல்லுவாராம். பெயரும் வைத்திருக்கிறார். கடைசிக் காய்ச்சலில் அந்தப் பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தாராம். தனபாலன் அந்தப் பெயரை எனக்கு எழுத்தெழுத்தாகச் சொன்னார்.

தர்ஷிகா என்பது நீங்கள் எண்சாத்திரம் பார்த்து அனுப்பிய பெயர். ஆறு வருஷமாக அந்தப் பெயரில்தான் அவள் வளர்ந்தாள், அதில் குறை சொல்லவில்லை. ஆனால் நேற்று அவளை மடியில் வைத்து, அப்பா இல்லை என்பதைச் சொன்னேன். அழுதாள். பிறகு அவர் வைத்த பெயரைச் சொன்னேன். அழுகையை விட்டுவிட்டு, "திரும்பச் சொல்லுங்கோ" என்றாள். சொன்னேன். பள்ளிக்கூடக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் அதை எழுதி வைத்திருக்கிறாள்.

ஒக்ரோபர் 31 வாருங்கள், மச்சாள். அவர் உங்கள் தம்பி. உங்களை அழவேண்டாம் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. முன்வரிசையில் உங்களுக்கு இடம் இருக்கும். அண்ணைக்கும் இருக்கும்.

ஒன்றே ஒன்று. அந்தப் பெயர் என்ன என்று என்னிடம் கேட்கவேண்டாம். பிள்ளையிடமும் கேட்கவேண்டாம்.

யோகா