எல்செயார் என்று வைக்க வேண்டாம்

காமுராஸ்கா, 4 ஜனவரி 1963

செல்ல மகள் ரோலாண்டுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், அங்கே ஆல்பர்ட்டாவில் நீயும் ஃபெர்னானும் வயிற்றுப் பிள்ளையும் அப்படியே இருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறோம். இந்தக் குளிருக்குக் கடையில் அடுப்பு நன்றாக விற்கிறது. அம்மா பண்டிகைக்கு ஆறு இறைச்சி அடை சுட்டாள், இரண்டு பேருக்கு எதற்கடி ஆறு என்றேன், கை பழகிப்போச்சு, நீங்க உங்க அடுப்பைப் பாருங்க என்றாள்.

அக்டோபரில் நான் எழுதியது உனக்கு நினைவிருக்கும். இந்தப் பிள்ளைக்கு நான்தான் ஞானத்தந்தை, பெயர் வைப்பது என் உரிமை, பையன் என்றால் போன பிப்ரவரியில் பிறந்து பத்தொன்பதே நாளில் போய்விட்ட உன் பிள்ளையின் பெயரையே வை, எல்செயார் என்ற என் பெயர் குடும்பத்தில் நிற்க வேண்டும், இறந்த பிள்ளையின் பெயரை அடுத்ததற்கு வைப்பது நம் வழக்கம்தானே என்று எழுதினேன். அதற்குப் பிறகு உன்னிடமிருந்து மூன்று கடிதம் வந்தது, கோழி, பனி, ஃபெர்னானின் டிராக்டர் எல்லாம் இருந்தது, இதற்குப் பதில் மட்டும் இல்லை. எனக்குக் கோபம்தான் வந்தது.

பிரான்சிலிருந்து வந்திறங்கிய முதல் மிஷோ தொடங்கி நம் வம்சாவளியை எழுதிக் கடைச் சுவரில் மாட்டலாம் என்று மாதா கோவில் பதிவேடுகளைப் புரட்டிக்கொண்டிருக்கிறேன். லேசான வேலை இல்லை, எந்தப் பையனை எடுத்தாலும் முதல் பெயர் ஜோசப், எந்தப் பெண்ணை எடுத்தாலும் மரி. போன வாரம் என் ஞானஸ்நானப் பதிவே கண்ணில் பட்டது, என் பெயர், என் அப்பா அம்மா பெயர், வருஷம் மட்டும் 1899. எனக்கு இரண்டு வயது குறைத்துச் சொல்லி வளர்த்துவிட்டார்கள், பென்ஷன் இரண்டு வருஷம் முன்னாலேயே வரவேண்டும் என்று அங்கே எழுத்து வேலை பார்க்கும் பெல்த்தியே அம்மாளிடம் வாதாடினேன். அவள் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு, அவசரப்படாதீங்க மிஷோ ஐயா, அடுத்த பக்கத்துல உங்களைப் புதைச்சும் இருக்காங்க, பென்ஷனை எங்கே அனுப்பச் சொல்ல என்றாள். புரட்டிப் பார்த்தேன். பதினொரு நாள் இருந்திருக்கிறான். எனக்கு முன்னால் இதே பெயரில் ஒரு அண்ணன் இருந்ததாக யாரும் என்னிடம் சொன்னதில்லை.

என் அம்மா சாகும்வரை என்னை எல்செயார் என்று ஒருமுறைகூடக் கூப்பிட்டதில்லை. குட்டி சாப்பிட வா, குட்டி கதவைச் சாத்து. நான் சொந்தக் கடை திறந்த பிறகும் குட்டிதான், வாங்க வந்தவர்கள் முன்னால் மானம் போகும். செல்லம் என்று நினைத்துவிட்டேன். வழக்கத்துக்காக வைத்த பெயர் அவள் வாயில் வரவில்லை ரோலாண்ட், இப்போதுதான் எனக்கு உறைக்கிறது, நீ ஏன் பதில் எழுதவில்லை என்பதும்.

அந்தக் கடிதத்தைக் கிழித்து அடுப்பில் போடு. மூன்று நாள் ரயில், பனி, கடை என்று சாக்குச் சொல்லி நான் முகம்கூடப் பார்க்காமல் விட்ட பேரன் அவன், அந்தப் பெயராவது அவனுக்கே இருக்கட்டும். இவனுக்கோ இவளுக்கோ நீ வாய் நிறையக் கூப்பிடும்படி ஒரு பெயர் பார். எனக்குப் பதிலாக வேறு ஆளை நிறுத்த வேண்டாம், ஞானஸ்நானத்துக்கு நானே வருகிறேன், கடையை அம்மாவின் தம்பி பார்த்துக்கொள்வான்.

புத்தாண்டுக் காலையில் முழங்காலிட்டு அப்பாவின் ஆசீர்வாதம் கேட்க இந்த வருஷமும் வீட்டில் யாரும் இல்லை, அதனால் இந்தத் தாளின்மேல் கையை வைத்து உங்கள் மூவரையும் ஆசீர்வதிக்கிறேன். விறகு தூக்காதே, ஃபெர்னான் தூக்கட்டும். பிள்ளை பிறந்ததும் தந்தி அடி, பெயர் மட்டும் போதும், ரயிலில் வரும்போது சொல்லிச் சொல்லிப் பழகிக்கொள்கிறேன்.

உன் அப்பா,
எல்செயார் மிஷோ