நன்றாகக் காய்ச்சச் சொன்னேன்

அன்புள்ள நண்பனுக்கு,

நீ நலமாகத்தான் இருப்பாய் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். இரண்டு மாதமாகப் போனை எடுக்காதவனிடம் வேறு எப்படி நலம் விசாரிப்பதாம்? எனக்கு முட்டிவலி அப்படியே இருக்கிறது.

நீ மகன் வீட்டுக்குக் கிளம்பியபின் பள்ளியில் புதன்கிழமை அறிவியல் வகுப்பை நான் ஒருவனே நடத்தினேன். ரிட்டையரான இரண்டு கிழங்கள் வந்தால் ஏழாம் வகுப்பு உருப்பட்டுவிடும் என்று தலைமையாசிரியையிடம் சவடால் விட்டவன் நீ, மாட்டிக்கொண்டவன் நான். நீ குடிநீர்த் துறையின் தலைமை வேதியியலாளன். நான் பம்பு பார்த்த இன்ஜினியர். தண்ணீர் மேலே ஏறுமா என்றால் சொல்வேன். அதில் என்ன கலந்திருக்கிறது என்றால் உன்னைத்தான் கைகாட்டுவேன்.

நைட்ரேட் இருந்தால் சிவந்து காட்டும் என்று நீ விட்டுப்போன சோதனைப் பொடியால், பிள்ளைகள் வீட்டிலிருந்து கொண்டுவந்த குழாய்த் தண்ணீரைச் சோதித்தோம். முப்பத்தோரு குப்பியில் பதினொன்று கருஞ்சிவப்பாகிவிட்டது. பதினொன்றும் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்தெருப் பிள்ளைகளுடையவை. பெரிதாக எதையோ கண்டுபிடித்துவிட்டோம் என்று வகுப்பே கை தட்டியது. நானும் தட்டினேன். அந்தக் குஷியில் வாய் சும்மா இருக்கவில்லை. நன்றாகக் காய்ச்சிக் குடிங்க, எவ்வளவு நேரம் காய்ச்சறீங்களோ அவ்வளவு நல்லது என்றேன்.

நீ இப்போது தலையில் அடித்துக்கொள்வாய். காய்ச்சினால் கிருமி சாகும், நைட்ரேட் போகாது. தண்ணீர் ஆவியாகி, மிஞ்சியதில் இன்னும் கூடும். உன் நோட்டில் முதல் பக்கத்திலேயே எழுதியிருக்கிறாய். நான் அதைப் புரட்டியது மூன்று வாரம் கழித்து.

முன் பெஞ்சில் கேள்வியாய்க் கேட்பாளே, நீ வக்கீலம்மா என்று கூப்பிடுவாயே, அவளும் அந்தப் பின்தெருதான், அவளுக்கு மூன்று மாதத் தம்பி. பால் பவுடர்தான் ஆகாரம். சார் சொன்னாரென்று அவள் அம்மா அரைமணி நேரம் காய்ச்சிக் கலக்கியிருக்கிறாள். குழந்தைக்கு உதடு நீலம் பாரித்துவிட்டது. ஆஸ்பத்திரியில் இதயக் கோளாறாக இருக்கலாம் என்றார்கள். அங்கே ஐந்து நாளில் தேறியது. வீட்டுக்கு வந்து ஒரு வாரத்தில் மறுபடி நீலம். ஆஸ்பத்திரியில் வேறு தண்ணீர், அவ்வளவுதான் வித்தியாசம். நைட்ரேட் கைக்குழந்தையின் ரத்தத்தில் பிராணவாயுவைத் தடுத்து உடம்பை நீலமாக்கும் என்பதும் உன் நோட்டில் இருந்ததுதான்.

இதயமில்லை, தண்ணீர்தான் காரணம் என்று டாக்டரிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். நீங்க கெமிஸ்டா சார் என்று கேட்டார். பம்பு என்றேன். பக்கத்திலிருந்த நர்ஸ் சிரித்துவிட்டாள்.

உன் நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருப்பவன் நம்மிடம் பயிற்சிக்கு வந்தவன்தான். பொடிக்குத் தேதி முடிஞ்சு எட்டு மாசம் ஆச்சு, ஸ்கூல் பசங்க விளையாட்டையெல்லாம் ரிப்போர்ட்டுனு எடுத்துக்க முடியுமா சார் என்கிறான். பழைய பொடி நிறத்தைக் குறைத்துக் காட்டுமே தவிர கூட்டிக் காட்டாதே என்றேன். அதை ஒரு கெமிஸ்ட் எழுதிக் கொடுக்கட்டும் என்றான். பள்ளியிலும் வகுப்பை நிறுத்திவிட்டார்கள். தலைமையாசிரியை என்னை வாசலிலேயே நிறுத்தி நன்றி சொன்னார்.

அந்தப் பெண் வீட்டுக்கு இரண்டு தடவை போனேன். முதல்ல காய்ச்சுங்கன்னீங்க, இப்போ காய்ச்சாதீங்க, தொடவே தொடாதீங்கன்றீங்க, எதைத்தான் சார் நம்பறது என்று அவள் அப்பா கேட்டார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. என் வீட்டிலிருந்து ஒரு கேன் தண்ணீர் கொண்டுபோய் வாசலில் வைத்துவிட்டு வந்தேன். மறுநாள் பார்த்தால் மூடி திறக்காமல் அப்படியே இருந்தது. வக்கீலம்மா ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

கடைசியாக நாம் பேசியபோது, அந்தத் தெருவின் பெயரைச் சொன்னதும் நீ ஏன் போனை வைத்தாய் என்று முதலில் விளங்கவில்லை. அந்தத் தெருவுக்குத் தண்ணீர் தரும் ஆழ்துளைக் கிணற்றுக்கு அனுமதி கொடுத்த தாளின் நகலைத் தேடி எடுத்தேன். தண்ணீரின் தரத்துக்கு உன் கையெழுத்து, பம்புக்கு என் கையெழுத்து. மழைக்குப் பின் மறுபரிசோதனை அவசியம் என்று நீயே கீழே குறித்திருக்கிறாய். அது நடக்கவே இல்லை. மழை முடிவதற்குள் நாம் இருவரும் ரிட்டையராகிவிட்டோம். நீயும் யாரையும் கேட்கவில்லை, நானும் உன்னைக் கேட்கவில்லை.

இப்போது கேட்பது ஒரே ஒரு தாள். அந்த நிறம் பொய் சொல்லாது, அந்தத் தண்ணீரைக் குழந்தைக்குக் கொடுக்காதீர்கள் என்று எழுதி உன் பெயரைப் போடு. நீ சொன்னால் டாக்டரும் கேட்பார், அந்த அப்பாவும் கேட்பார். மறுபரிசோதனை நடக்காத பழியை என் தலையில் போட்டு எழுது, எனக்கு ஆட்சேபணை இல்லை. இது நான் அனுப்பும் மூன்றாவது கடிதம். நீ எழுதுவாய் என்ற நம்பிக்கையில் கேட்கவில்லை. கேட்க வேறு ஆள் இல்லை.

உனக்குப் பேத்தி பிறந்திருக்கிறாள் என்று உன் மகன் சொன்னான். நோய்நொடி இல்லாமல் நீண்ட காலம் நன்றாக இருக்கட்டும். அவளுக்குப் பால் கலக்குமுன் அந்த வீட்டுத் தண்ணீரை நீ சோதித்துப் பார்த்திருப்பாய். உன்னை எனக்குத் தெரியாதா?

இப்படிக்கு,
உன் பம்புக்காரன்