தடித்த எழுத்தில் ஒரு வேலை

அக்டோபர் 6, திங்கள்

கம்பெனி இணையதளத்தில் வேலைவாய்ப்புப் பக்கத்தை ஏற்றியாயிற்று. மேனேஜர் மோகன்குமார் சாருக்குத் திருப்தி. பார்வையற்றவர்களுக்கான டெலிபோன் ஆபரேட்டர் வேலையும் அதில் இருக்கிறது. எதிர்வீட்டு ஜெயப்ரியாவிடம் சொன்னேன். "நானே கேட்டுப் பாத்து அப்ளை பண்ணிக்கிறேன்க்கா" என்றாள்.

அக்டோபர் 17, வெள்ளி

கடைசித் தேதி நேற்றோடு முடிந்தது. ஜெயப்ரியா விண்ணப்பிக்கவே இல்லை. மெனக்கெட்டுச் சொன்னேனே, என்ன அலட்சியம்?

அக்டோபர் 18, சனி

குழாயடியில் கேட்டேவிட்டேன்.

"கீபோர்டுல எச் அழுத்தி தலைப்பு தலைப்பா தாவிக் கேட்டேன்க்கா. வணக்கம்னுச்சு, கன்னடத்துல நமஸ்காரன்னுச்சு, தீபாவளி வாழ்த்துன்னுச்சு. அதோட சரி. அந்த வேலைய எடுத்துட்டாங்கன்னு நெனச்சேன்."

பெரிதாகத் தெரியட்டும் என்று வாழ்த்துக்கெல்லாம் தலைப்புக் குறி போட்டது நான். வேலைகளின் பெயர்களை வெறுமனே தடித்த எழுத்தாக்கியதும் நான்தான். பார்க்கிறவர்களுக்கு எல்லாமே தலைப்பு. திரையைப் படித்துச் சொல்லும் அவளுடைய ஸ்கிரீன் ரீடருக்குத் தடித்த எழுத்து சாதாரண வரி, தாண்டிப் போய்விட்டது.

சொன்னேனா? "சர்வர்ல ஏதோ பிரச்சனை" என்றேன்.

"பரவால்லக்கா, நான்தான் சரியா தேடல போல." என்னையே தேற்றுகிறாள். சீ, நானெல்லாம் ஒரு மனுஷியா.

அக்டோபர் 20, தீபாவளி

ஜெயப்ரியாவின் அம்மா முறுக்கு கொடுத்தனுப்பினார். வாங்கிக்கொண்டேன். தின்ன முடியவில்லை.

அக்டோபர் 22, புதன்

சாரிடம் சொல்லிவிட்டேன் — தப்பு என்னுடையது, தேதியை நீட்டுங்கள் என்று. பழைய பக்கங்கள் சிலவற்றைத் திறந்து பார்த்தார். "இத்தன வருஷமா எல்லாப் பேஜும் இப்படித்தான் பண்ணீங்களாம்மா?"

ஆமாம். அதை நான் யோசிக்கக்கூட இல்லை. இன்னும் எத்தனை பேர் கேட்டுவிட்டு மூடியிருப்பார்களோ.

ஒரு வாரம் நீட்டினார். கம்பெனி பெயரை முதல் நிலைத் தலைப்பாக்கி, ஒவ்வொரு வேலையையும் அதன் கீழே இரண்டாம் நிலையில் வைத்தேன். ஜெயப்ரியாவிடம், "சர்வர் சரியாயிடுச்சு, தேதியும் தள்ளிப் போட்டிருக்காங்க" என்றேன். உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை.

நவம்பர் 10, திங்கள்

ஜெயப்ரியா வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். தேதி ஏன் நீட்டப்பட்டது என்று இன்டர்வியூவிலேயே சார் அவளிடம் சொல்லியிருக்கிறார். இனிமேல் புதுப் பக்கம் எதுவானாலும் அவள் கேட்டுப் பார்த்த பிறகுதான் ஏற்ற வேண்டுமாம். இன்று ஒன்றை அனுப்பினேன்.

"கேன்டீன் தலைப்பு நிலை மாறிக் கெடக்கு மேடம்" என்றாள்.

ஆபீஸ் என்பதால் மேடம் போல, என்று நினைத்துக்கொண்டேன்.

சாயங்காலம் மத்திகிரி டவுன் பஸ். என் பக்கத்தில் இடம் இருந்தது. "ஜெயப்ரியா, இங்க வா, உக்காரு" என்றேன்.

"பரவால்லைங்க மேடம். நின்னுக்கிறேன்."