என் கையால் முதல் பிரசவம்

வேலூர், 1927

என் வீட்டுக்காரருக்கு நமஸ்காரம்.

என் உடம்புக்கு ஒன்றுமில்லை. நேற்று என் கையால் முதல் பிரசவம் பார்த்தேன். டாக்டரம்மா பக்கத்தில் நின்றார்களே தவிர, கை வைக்கவில்லை.

ஜோலார்பேட்டைப் பெண், பதினெட்டு வயதிருக்கும். குழந்தை கால் முதலாக வந்தது. ஆபத்து என்பதால் ஆளனுப்பலாமென்று புருஷன் பெயரைக் கேட்டேன். அந்த வலியிலும் அவள் சொல்லவில்லை. நம் பெண்கள் எங்கே சொல்வார்கள்? நானும் சொன்னதில்லையே. கூட வந்த அவள் அம்மாதான் உங்கள் பெயரைச் சொல்லி, "ஆம்பூர் தோல் மண்டியில கணக்கு எழுதுறாரும்மா" என்றாள்.

அப்போது ஒரு கால்தான் வெளியே வந்திருந்தது. மீதியையும் நான்தான் எடுத்தேன். ஆண் குழந்தை. பிழைத்துக்கொண்டது.

பிள்ளை இல்லாத மனைவியை டாக்டருக்குப் படிக்க அனுப்பினீர்கள் என்று ஊரே உங்களை மெச்சியது. நானும்தான் மெச்சினேன்.

இன்று காலை அந்தப் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்க வூட்டுக்காரரா படிக்க வெக்கிறாரு? ரொம்ப நல்லவரு அக்கா" என்றாள். ஆமாம் என்றேன்.

இந்தச் சனிக்கிழமை சரக்கு ஏற்ற ஜோலார்பேட்டைக்குப் போக வேண்டாம். அவள் இங்கேதான் இருக்கிறாள்.

இப்படிக்கு,
உங்கள் மூத்தாள்